பன்னிரண்டாவது வரிசை

கப்பலை வெட்ட வந்திருக்கும் ஆள் யாரென்று தெரிந்ததும் ஹரிராமின் கையிலிருந்த டீ தளும்பிச் சட்டையில் கொட்டியது.

திருமங்கலம் தாண்டிப் பேரையூர் போகிற சாலையில் ஆனந்தலோகம் ரிசார்ட்டைத் தெரியாதவர்கள் குறைவு. முன்பக்கம் கல்யாண மண்டபம், ஏசி அறைகள், புல்தரை, பட்டனைத் தட்டினால் கொட்டுகிற அருவி. அருவிக்குப் பின்னால் இருபதடி உயரத்துக்கு ஒரு ஃப்ளெக்ஸ் பேனர். அதில் சுவிட்சர்லாந்து. பனிமலை, பசும்புல், நாலு மாடு. மாப்பிள்ளையும் பெண்ணும் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள்.

சுவிட்சர்லாந்தை விலக்கிக்கொண்டு பின்னால் போனால் வேறு உலகம். பெட்டிகள் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்து எலும்புக்கூடாய் நிற்கிற ஜெயன்ட் வீல். தண்டவாளத்தின் நடுவே சீமைக்கருவேலம் முளைத்து, நின்ற இடத்திலேயே சிறைப்பட்டுப்போன குட்டி ரயில். அலைக்குளத்தில் பச்சைப் பாசி, அதில் தவளைகள் மட்டும் டிக்கெட் இல்லாமல் குளித்தன. வாயைப் பிளந்து குப்பை வாங்கிய கோமாளி பொம்மைக்கு ஒரு கண் போயிருந்தது. இங்கே ஆவி உலவுவதாக வீடியோ போட்ட இரண்டு பையன்களை வாட்ச்மேன் சுவரேறிக் குதிக்க விட்டு விரட்டியது போன வருஷம்.

எல்லாவற்றுக்கும் நடுவில் கொலம்பஸ் கப்பல். ஊஞ்சல் மாதிரி இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஆடி, ஜனங்களை அலற வைத்த கப்பல். எட்டு வருஷமாக ஆடவில்லை. இப்போது அதன் முனையில் மயில்கள் அடைந்தன.

அந்த இடத்தில் இரண்டாயிரம் பேர் உட்காருகிற கன்வென்ஷன் சென்டர் வரப்போகிறது. அதனால் பழைய இரும்பு எடுக்கிற அழகுபாண்டி லாரியோடும் ஆட்களோடும் வந்து இறங்கிவிட்டான். ரிசார்ட் மேனேஜர் என்ற முறையில் ஹரிராம் சாவிக்கொத்தோடு வந்து நின்றான். வில்லாபுரத்துக்காரன். நாற்பத்தெட்டு வயது. காலர் கசங்காத ஆள்.

"இவன்தாண்ணே நம்ம கேஸ் கட்டர்," என்று அழகுபாண்டி அறிமுகம் செய்துவைத்தான். "பனங்கிழங்கு கணக்கா இரும்பை வகுந்துருவான். இங்க முன்னாடி வேலை பார்த்தவனாமே?"

கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிய முகம் சிவனாண்டியுடையது. டீ தளும்பியது அப்போதுதான்.

"நல்லா இருக்கீங்களா சார்," என்றான் சிவனாண்டி.

சார். ஆறு வருஷம் ஒன்றாக வேலை பார்த்த காலத்தில் அவன் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததே கிடையாது. ஹரிண்ணே என்றுதான் கூப்பிடுவான். கப்பலை ஓட்டியவன் அவன். கப்பல் உட்பட எல்லா விளையாட்டுகளுக்கும் பராமரிப்பு சூப்பர்வைசர் ஹரிராம். மத்தியானம் ஒரே தூக்குச்சட்டியில் சாப்பிட்டவர்கள்.

சுற்றி வளைக்காமல் சிவனாண்டி விஷயத்துக்கு வந்தான். ரிங் ரோட்டில் புதிதாக வாட்டர் பார்க் திறக்கிறார்கள். மெஷின் ஓட்டத் தெரிந்த ஆள் வேண்டுமாம். நேரில் போய் ஓட்டிக் காட்டி, பிடித்தும் போய்விட்டது. ஆனால் பழைய இடத்திலிருந்து கடிதம் கேட்கிறார்கள். ஆனந்தலோகத்துக்கு போன் போட்டதில், 'குடித்துவிட்டு விபத்து ஏற்படுத்தியதால் நீக்கப்பட்டவர்' என்று யாரோ ஃபைலைப் பார்த்துப் படித்துச் சொல்லியிருக்கிறார்கள்.

"நான் குடிக்கலைன்னு ஒரு லெட்டர் வேணும் சார். சாயங்காலத்துக்குள்ள குடுத்தாப் போதும்."

பார்க்கலாம் என்றான் ஹரிராம். முதலாளி பெரியவரிடம் கேட்க வேண்டும், ஃபைலைத் தேட வேண்டும் என்றெல்லாம் சொன்னான். சிவனாண்டி தலையாட்டிவிட்டுக் கண்ணாடியை இறக்கிக்கொண்டான். அந்த ஃபைலில் அப்படி எழுதியது யாருடைய கையெழுத்து என்று இரண்டு பேருக்குமே தெரியும்.

எட்டு வருஷத்துக்கு முந்தைய ஒரு விஜயதசமி அது.

கப்பலில் பன்னிரண்டு வரிசை. ஒவ்வொரு வரிசைக்கும் மடிக்கு மேல் ஒரு கம்பி இறங்கும். அது மேலே எழும்பாமல் கட்டைவிரல் தடிமனில் ஒரு எஃகு பின் செருகிப் பூட்டும். பன்னிரண்டு பின், ஒவ்வொன்றின் தலையிலும் வரிசை நம்பர் வெட்டியிருக்கும். ஆயுத பூஜைக்கு அந்தப் பின்களை எல்லாம் உருவி, மண்ணெண்ணெயில் கழுவி, ஸ்பானர், சுத்தியலோடு வாழை இலையில் அடுக்கிச் சந்தனம் குங்குமம் வைப்பது ஆனந்தலோகத்து வழக்கம். வைத்ததை மறுநாள் மறுபூஜை முடியாமல் தொடக் கூடாது. அதிலும் முதலாளியின் மனைவி சூடாமணியம்மாள் கோச்சடை வீட்டிலிருந்து வந்து, தன் கையால் சூடம் காட்டினால்தான் மறுபூஜை முடிந்ததாகக் கணக்கு.

அன்றைக்கு அவர் வரத் தாமதமானது. பத்து மணிக்குள் கேட்டுக்கு வெளியே திருவிழாக் கூட்டம். முதலாளி கோகுல்நாத் மைக்கைப் பிடுங்காத குறையாக, கப்பலை எடுங்கப்பா என்று நெருக்கினார். கோகுல்நாத் ஹரிராமுக்குச் சித்தப்பா முறை. ஹரிராம் பூஜை இலையைப் பார்த்தான். கை வரவில்லை. இலையைத் தொட்டால் சித்தி மூன்று மாதம் முகம் கொடுத்துப் பேசமாட்டாள். ஸ்டோரில் மாற்றுப் பின்கள் இருந்தன. எண்ணினான். பதினொன்று.

பன்னிரண்டாவது வரிசைக்குக் கட்டுக்கம்பியை நாலு சுற்றுச் சுற்றி முறுக்கினான்.

"வேணாம்ணே," என்றான் சிவனாண்டி. "அந்த இலையில இருந்து ஒண்ணே ஒண்ணு எடுத்தா சாமி கோவிச்சுக்கவா போகுது? இல்லாட்டி அந்த வரிசைய காலியா விடுவோம்."

கூட்டம் இருக்கிற இருப்புக்கு ஒரு வரிசையைக் காலியாக விட்டால் பெரியவர் கத்துவார், ஒரே ஒரு ரவுண்டுதான், அதற்குள் சித்தி வந்துவிடுவாள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று ஹரிராம் சொன்னான். 'நான் பார்த்துக்கிறேன்' என்ற அந்த வார்த்தை இன்றைக்கும் சில நேரம் பல் துலக்கும்போது அவன் காதில் விழும்.

அந்த ரவுண்டின் ஏழாவது ஆட்டத்தில் கம்பி அறுந்தது. பன்னிரண்டாவது வரிசையில் ஒன்பது வயதுப் பெண்பிள்ளை. பவதாரிணி என்று பெயர். பேரையூர்ப் பக்கத்திலிருந்து அப்பனோடு வந்தவள். சிமெண்ட் தரையில் விழுந்தாள். பிரேக்கைப் போட்டுவிட்டு ஓடி, அவளைத் தூக்கிக்கொண்டு கேட் வரைக்கும் ஓடியவன் சிவனாண்டி. உயிர் பிழைத்துவிட்டாள். இடது முழங்கால் மட்டும் அதற்கப்புறம் மடங்கவில்லை.

ஹரிராம் அந்த நேரத்தில் ஓடவில்லை. ஜனமெல்லாம் கேட்டுப் பக்கம் ஓடியபோது அவன் எதிர்ப் பக்கம் நடந்தான். பூஜை இலையிலிருந்து பன்னிரண்டாம் நம்பர் பின்னை எடுத்தான். சந்தனத்தையும் குங்குமத்தையும் கர்ச்சீப்பால் துடைத்தான். ஆப்பரேட்டர் கேபினுக்குள் போய் சிவனாண்டியின் மேஜை டிராயரில் போட்டு மூடினான். மிச்சமிருந்த பதினொன்றையும் இலையோடு சுருட்டி அள்ளி ஸ்டோரில் போட்டான். சாமியைத் தொடப் பயந்த கை, அப்போது கொஞ்சமும் நடுங்கவில்லை. சூடாமணியம்மாள் கார் உள்ளே நுழைந்தபோது காட்டுவதற்கு இலையே இல்லை.

போலீஸ் வந்தது, டிராயரைத் திறந்தது, பின் இருந்தது. பின்னைப் போடாமல் மறந்துவிட்டு, இருந்த கம்பியைச் சுற்றி ஓட்டியிருக்கிறான் ஆப்பரேட்டர். முந்தின நாள் பூஜைக்குக் குடித்த போதை. கதை அம்புட்டுத்தான். யாரும் வாயை ஊதச் சொல்லவில்லை. கேஸ் பிறகு சமாதானமாகி, பின்னும் திரும்பி வந்து, அதே டிராயருக்குள் போய், கேபின் பூட்டப்பட்டது.

ஹரிராம் இத்தனை வருஷமும் தனக்குத்தானே ஒரு ஆறுதல் வைத்திருந்தான். சிவனாண்டிக்கு நடந்தது தெரியாது. போலீஸ் எப்படியோ முடிவு செய்துவிட்டது, ஹரிண்ணே தன்னால் ஆனமட்டும் பேசிப் பார்த்திருப்பார் என்றுதான் நினைத்துக்கொண்டிருப்பான். பாவம்.

மதியச் சாப்பாட்டுக்கு ஆட்கள் வேப்பமரத்தடிக்குப் போனதும் ஹரிராமுக்கு ஒரு யோசனை குறுக்கே ஓடியது. சாப்பாடு முடிந்ததும் முதல் வெட்டு கப்பலுக்கு. கேபினும் அதோடு போகும். டிராயரைத் திறப்பார்கள். அந்தப் பின்னின் தலையில் வெட்டியிருக்கும் '12' என்ற எண்ணின் பள்ளத்தில், கர்ச்சீப் போகாத இடத்தில், குங்குமம் இருந்ததே! அன்றைக்கே கண்ணில் பட்டு, துடைக்க நேரமில்லாமல் விட்டது. பூஜை இலையில் இருந்த பின் டிராயருக்கு எப்படி வந்தது என்று சிவனாண்டி ஒரு நொடி யோசித்தால் போதும்.

சாவிக்கொத்து இருக்கிறது. ஆள் நடமாட்டம் இல்லை. முள்ளை ஒதுக்கிக்கொண்டு கேபினுக்குப் போனான். பூட்டில் சாவி திரும்பவில்லை. துருப்பிடித்த தாழ்ப்பாளே கையோடு பிய்ந்து வந்தது. உள்ளே வௌவால் நாற்றம். சுவரில் நின்றுபோன கடிகாரம். 'பயணிகள் பத்திரம்' என்று சிவனாண்டி சாக்பீஸால் எழுதி வைத்தது இன்னும் அழியவில்லை.

டிராயரை இழுத்தான். ஒரு பல்லி ஓடியது. பழைய விசில் ஒன்று கிடந்தது. வேறு எதுவும் இல்லை.

"இதையா சார் தேடுறீங்க?"

வாசலில் சிவனாண்டி. உள்ளங்கையில் பின்.

சும்மா, பழைய பேப்பர் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தேன் என்றான் ஹரிராம். நாற்பத்தெட்டு வயசில் இப்படி ஒரு பொய் வருகிறதே என்று அவனுக்கே காது சுட்டது.

"காலையில தகரத்தை நெம்பிப் பார்த்தேன், இருந்துச்சு." சிவனாண்டி பின்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "குங்குமம் கருத்துப்போச்சு. அன்னைக்குப் போலீஸ்காரர் தூக்கிக் காட்டுனப்ப செக்கச்செவேர்னு இருந்துச்சு."

அப்படியானால் அன்றைக்கே தெரியும். ஆனாலும் ஹரிராமின் மனசு விடவில்லை. கடைசியாக ஒரு பிடி கிடைக்காதா என்று துழாவியது. எல்லாம் பெரியவர் செய்த ஏற்பாடு, நான் உனக்காக எம்புட்டோ பேசிப் பார்த்தேன், அன்றைக்கு ஆபீஸ் அறையில் நீயும்தானே நின்றாய் என்று ஆரம்பித்தான்.

சிவனாண்டி சிரித்தான். கோபமான சிரிப்பு இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

"நின்னேன் சார். எல்லாம் கேட்டுக்கிட்டுத்தான் நின்னேன்."

பிறகு அவன் ஒரு வாக்கியம் சொன்னான். தமிழில் இல்லை. ஹரிராமின் வீட்டில், அடுப்படியில், படுக்கையில் பேசுகிற சௌராஷ்டிர மொழியில், அவர்கள் தெருக்காரன் மாதிரியே இழுத்துச் சொன்னான். வெளியாள் ஒருத்தன்தானே, குடித்திருந்தான் என்று சொன்னால் எவன் சந்தேகப்படப் போகிறான்? எட்டு வருஷத்துக்கு முன்னால் கோகுல்நாத் சொன்ன வாக்கியம். ஒரு சொல் கூடவுமில்லை, குறையவுமில்லை.

ஹரிராம் மேஜை மேல் உட்கார்ந்துவிட்டான்.

"பத்து வயசுல இருந்து பதினாறு வயசு வரைக்கும் உங்க வில்லாபுரத்துல சாயப்பட்டறையில வேலை பார்த்தேன். உங்க ஆளுக வீட்டுலதான் சோறு, தூக்கம் எல்லாம். ஆறு வருஷம் உங்ககூட ஒரே சட்டியில சாப்பிட்டிருக்கேன். ஒரு நாளு கேட்டிருக்கீங்களா, நீ எங்கடா வளர்ந்தேன்னு?"

கேட்டதில்லை. பேரையூர்க்காரன் என்று தெரியும், அதற்கு மேல் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது என்று இருந்துவிட்டான்.

அந்த ஆபீஸ் அறை கண் முன்னால் வந்தது. மேஜைக்குப் பின்னால் கோகுல்நாத், பக்கத்தில் ஹரிராம், கதவோரம் சட்டையெல்லாம் பிள்ளையின் ரத்தத்தோடு சிவனாண்டி. யாராவது ஒருத்தன் போயாக வேண்டும், நீ போனால் உன் சித்தி சாப்பிடமாட்டாள் என்றார் கோகுல்நாத். அவனை வெளியே நிற்கச் சொல்லக்கூட இருவருக்கும் தோன்றவில்லை. பாஷைதான் கதவு என்று நினைத்தார்கள். ஹரிராம் ஒரே ஒரு சொல் சொன்னான், சரி என்று. அப்போது சிவனாண்டி கேட்டான்: "பெரியவரு என்னண்ணே சொல்றாரு?"

"உனக்காகத்தான் பேசிக்கிட்டு இருக்கோம், மாப்ள," என்று பதில் சொன்னவன் ஹரிராம்.

"அன்னைக்கு நான் கேட்டேன்ல," என்றான் சிவனாண்டி, அவன் நினைப்பைப் படித்தவன் மாதிரி. "அது புரியாம கேக்கலை. நீங்க என்ன சொல்றீங்கன்னு பார்க்கத்தான் கேட்டேன்."

வெளியே மயில் ஒன்று அகவிவிட்டு நிறுத்தியது.

ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று ஹரிராம் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டான். அந்த ரூமில் மூன்றே பேர், அதில் இரண்டு பேர் நீங்கள், சாட்சிக்கு நான் எங்கே போவேன் என்று கேட்டான் சிவனாண்டி. முதல் வருஷம் முழுக்க, ஹரிண்ணே என்றைக்காவது வந்து சொல்லிவிடுவார் என்று வீட்டுக்காரியிடம் சொல்லிக்கொண்டிருந்தானாம். இரண்டாவது வருஷம் அவளே அந்தப் பேச்சை எடுக்க வேண்டாம் என்றுவிட்டாளாம்.

கோகுல்நாத்தின் கார் வந்து நிற்கிற சத்தம் கேட்டது.

அறுபத்திமூன்று வயதிலும் கோகுல்நாத் செருப்பில் மண் ஒட்டாமல் நடப்பார். பட்டியல் பார்த்து எதையெல்லாம் வெட்டலாம் என்று காட்ட வந்தவர், கேபின் வாசலில் சிவனாண்டியையும் அவன் கையிலிருந்த பின்னையும் பார்த்ததும் நின்றார். நீயாப்பா, சௌக்கியமா என்று தமிழில் கேட்டார். கடிதம் கேட்கிறான் என்று ஹரிராம் சொன்னான்.

கோகுல்நாத் சிவனாண்டியைப் பார்த்துப் புன்னகைத்தபடியே ஹரிராமிடம் பேசினார். அவர்கள் பாஷையில். இங்கே இத்தனை வருஷம் வேலை பார்த்தான் என்று மட்டும் இரண்டு வரி எழுதிக் கொடு, ஏன் போனான் என்பதைத் தொடாதே, முதலில் அந்தப் பின்னை நைசாக வாங்கிக் குளத்தில் போடு என்றார்.

அதே மூன்று பேர். அதே கதவோரம். சிவனாண்டி எதுவும் புரியாதவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு ஹரிராமைப் பார்த்தான்.

"பெரியவரு என்ன சொல்றாரு சார்?"

தை மாதம் பதினேழாம் தேதி ஹரிராமின் மகள் தேவிகாவுக்குக் கல்யாணம். இதே ஆனந்தலோகத்து மண்டபத்தில். பத்திரிகை அச்சாகி வந்துவிட்டது.

"உன் கையில இருக்கிற பின்னை வாங்கிக் குளத்துல போடச் சொல்றாரு," என்றான் ஹரிராம், தமிழில். பிறகு கோகுல்நாத்தின் பக்கம் திரும்பினான். "தமிழ்லயே பேசுங்க சித்தப்பா. அவனுக்கு நம்ம பாஷை தெரியும். அன்னைக்கும் தெரியும்."

கோகுல்நாத்தின் புன்னகை உடனே போகவில்லை. போக இடமில்லாமல் கொஞ்ச நேரம் முகத்திலேயே நின்றது. பிறகு சிவனாண்டியைப் பார்ப்பதை விட்டுவிட்டார். அதன் பிறகு ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

"லெட்டர்ஹெட்ல எழுதினா நடக்கிறதே வேற," என்றார் ஹரிராமிடம். "தை மாசம் உன் மக கல்யாணம் யாரு மண்டபத்துலன்னு ஞாபகம் வச்சுக்க."

கார் கிளம்பிப் போனது. சுவிட்சர்லாந்து அசைந்து அடங்கியது.

லெட்டர்ஹெட் இல்லை. அழகுபாண்டியிடம் ஒரு வெள்ளைத்தாள் வாங்கி, கேபின் மேஜையைத் துடைத்துவிட்டு ஹரிராம் எழுதினான். சிவனாண்டி என்பவர் எங்களிடம் ஆறு ஆண்டுகள் திறம்படப் பணியாற்றினார் என்று தொடங்கி, நிர்வாகக் குறைபாட்டினால் நேர்ந்த விபத்துக்கு அவர் பொறுப்பல்ல என்று முடித்தான். பரவாயில்லை, கௌரவமாக வந்திருக்கிறது என்று நினைத்தபடி நீட்டினான்.

சிவனாண்டி எழுத்துக்கூட்டிப் படித்தான்.

"நிர்வாகம்னா யாரு சார்?"

ஹரிராம் தாளை வாங்கிக் கிழித்தான். அடுத்த தாளில் கௌரவம் எதுவும் இல்லை. பின்னைப் பூஜையிலிருந்து எடுக்காமல் விட்டதும், கம்பி கட்டியதும், வேண்டாம் என்று சொன்னவனை மீறி ஓட்டச் சொன்னதும், பின்னை டிராயரில் போட்டதும் நான். அவர் குடித்திருக்கவில்லை. கீழே பெயர், வில்லாபுரத்து வீட்டு விலாசம், தேதி. 'டிராயரில் போட்டது' என்ற இடத்தில் மட்டும் பேனா இரண்டு முறை நின்றது.

சிவனாண்டி இரண்டாவது தாளை முழுக்கப் படித்தான். மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். நன்றி சொல்லவில்லை. ஹரிராம் அதை எதிர்பார்த்தான் என்பதே அவனுக்கு வெட்கமாக இருந்தது.

"இதை அந்தப் புள்ள வீட்டுல காட்டணும் சார்."

ஹரிராம் திடுக்கிட்டான். யாரோ முன்பின் தெரியாத வாட்டர் பார்க் மேனேஜர் ஒருத்தன் படித்துவிட்டு ஃபைலில் போடுவான் என்று நினைத்துத்தான் எழுதினான். சரி, காட்டு என்றான் மெதுவாக.

"நான் காட்டுனா, நானே எவன்கிட்டயோ எழுதி வாங்குனதும்பாரு அவுக அப்பன். நல்லகாமன் எங்க ஊரு பக்கம்தான். எட்டு வருஷமா நான் ஊருக்குள்ள போறப்ப எல்லாம் டீக்கடையில எந்திரிச்சுப் போயிருவாரு. நீங்க வாங்க. அரை மணி நேரத்துல போயிரலாம்."

அழகுபாண்டி, கப்பல் என்னாச்சு என்று கத்தினான். வந்து வெட்டுறேன், அது எங்க போகுது என்று சொல்லிவிட்டு சிவனாண்டி தன் டிவிஎஸ் எக்செல்லை உதைத்தான். ஹரிராம் பின்னால் ஏறிக்கொண்டான். பிடித்துக்கொள்ள சிவனாண்டியின் தோள்தான் இருந்தது. பிடிக்க மனமில்லாமல் சீட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு போனான்.

இரண்டு பக்கமும் மக்காச்சோளமும் வெறும் கரிசலும். வெயில் இறங்கும் நேரம். நல்லகாமன் வீட்டு முன்னால் தார்ப்பாயில் சோளம் காய்ந்தது. அவர் முறத்தோடு நிமிர்ந்தார். சிவனாண்டியைப் பார்த்ததும் கழுத்து நரம்பு புடைத்தது.

"குடிகாரப் பயலுக்கு என் வாசல்ல என்ன சோலி?"

சிவனாண்டி வண்டியை ஸ்டாண்டில் போட்டுவிட்டு ஒதுங்கி நின்றான். பையிலிருந்த தாளைக்கூட எடுக்கவில்லை. அப்போதுதான் ஹரிராமுக்குப் புரிந்தது, அவன் கூட்டி வந்தது கடிதத்தைக் காட்ட இல்லை என்று.

சத்தம் கேட்டு உள்ளிருந்து ஒரு பெண் வந்தாள். பிளஸ் டூ யூனிஃபார்ம். இடது காலை விறைப்பாக வீசி வீசி நடந்தாள். வாசல்படி இறங்கும்போது பக்கவாட்டில் திரும்பி, சுவரைப் பிடித்து, மடங்காத காலை முதலில் வைத்து இறங்கினாள். யோசிக்காமல் செய்தாள், ரொம்ப நாள் பழக்கம். ஹரிராம் அவளை அந்த நாளுக்குப் பிறகு பார்த்ததே இல்லை. ஆஸ்பத்திரிக்குப் பழம் வாங்கிப் போகச் சித்தி சொன்னபோதுகூட டிரைவரை அனுப்பினான்.

"உக்காருங்க," என்று அந்தப் பெண் பிளாஸ்டிக் நாற்காலியை அவன் பக்கம் தள்ளினாள். ஆள் யார் என்று தெரியாமல்.

உட்காரவில்லை. நின்றபடியே சொன்னான். வழியெல்லாம் கோர்த்து வைத்திருந்த வார்த்தைகள் ஒன்றும் வரவில்லை. பூஜை, இலை, சித்தி என்று எங்கெங்கோ தொடங்கியது. நல்லகாமனுக்கு விளங்கவில்லை. இவன் எதற்கு வாழை இலையைப் பற்றிப் பேசுகிறான் என்று முகத்தைச் சுளித்தார். கடைசியில் ஹரிராம் நிறுத்திவிட்டு ஒரே மூச்சில் சொன்னான்.

"கம்பி கட்டுனது நான். பழியை இவன் மேல போட்டதும் நான். இவன் குடிக்கவே இல்லை."

நல்லகாமன் கையிலிருந்த முறம் சாய்ந்து சோளம் சிந்தியது. அவர் அடிப்பார் என்று ஹரிராம் காத்திருந்தான். அடித்தால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. அவர் அடிக்கவில்லை. தன் மகளைத்தான் பார்த்தார்.

"நான் சொன்னேன்லப்பா," என்றாள் பவதாரிணி. குரல் உயரவில்லை. "இந்த அண்ணன்தான் என்னைத் தூக்கிட்டு ஓடுனாங்க. என் மூஞ்சி அவுக மூஞ்சிகிட்டத்தான் இருந்துச்சு. மூச்சுல சாராய வாடையே இல்லைன்னு ஆஸ்பத்திரியில வச்சே சொன்னேன். சின்னப்புள்ளைக்கு என்ன தெரியும்னு எல்லாரும் சொல்லிட்டீங்க."

நல்லகாமன் மெதுவாக நடந்து சிவனாண்டியிடம் போனார். அவன் எதிரில் நின்றார். பிறகு, டீ போடச் சொல்லவா என்று கேட்டார். சிவனாண்டி தலையைக் குனிந்துகொண்டான். அவன் தோள்கள் குலுங்குவதை ஹரிராம் பார்த்தான். பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பினான். அதைப் பார்க்கிற உரிமையும் தனக்கு இல்லை என்று தோன்றியது.

டீ வந்தது. இரண்டு டம்ளர். நல்லகாமனுக்கு ஒன்று, சிவனாண்டிக்கு ஒன்று.

பவதாரிணி கொஞ்ச நேரம் ஹரிராமையே பார்த்தாள். பிறகு சுவரைப் பிடித்து, பக்கவாட்டில் திரும்பி, படியேறி உள்ளே போனாள். சொம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு மறுபடியும் அதே மாதிரி இறங்கி வந்தாள். ஒவ்வொரு படிக்கும் அந்தக் கால் நேராகவே நின்றது. ஹரிராம் எண்ணாமல் இருக்கப் பார்த்தான். மூன்று படி.

"குடிங்க," என்றாள்.

வாங்கிக்கொண்டான். குடிக்க முடியவில்லை. திருப்பிக் கொடுக்கவும் முடியவில்லை. சொம்பைப் பிடித்தபடி நின்றிருந்தான்.

சிவனாண்டி டீயைக் குடித்து முடித்து, டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு வண்டியை எடுத்தான்.

"வெட்டு வேலை கெடக்கு. நான் போறேன்," என்றான் நல்லகாமனிடம். பிறகு ஹரிராம் பக்கம் திரும்பினான். "உங்களுக்கு பஸ் ஆறு மணிக்கு வரும் சார். மெயின் ரோட்டுல நின்னா ஏத்திக்கிருவான்."